அடைமழை: ஒரு கடிதம், ஒரு திருத்தம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் போன வாரம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை, அதனால் நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். "2023 டிசம்பரில் பெய்த அடைமழையில்" என்று ஒரு வரி வந்ததும், "நிப்பாட்டு. அது எங்கட்டி அடமழ?" என்றாள். "ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஊத்துனா அது அடமழையா? அஞ்சு நாள் அப்பளம் காயலன்னா அதாம்ட்டி அடமழ." அம்மா இருபது வருஷத்துக்கு மேல் அப்பளம் இட்டுத்தான் எங்களைப் படிக்க வைத்தாள்.

என் மகள் ஏழாம் வகுப்பு. 'அடைமழை என்றால் மிக அதிகமான மழை' என்று வகுப்பில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். வாட்ஸப்பில் வந்த ஒரு செய்தியோ, மழை நாளில் வீட்டில் அடை சுட்டுச் சாப்பிடுவதால்தான் அந்தப் பெயர் வந்தது என்கிறது. நானும் இத்தனை நாள் அதைக் கனமழைக்கு இன்னொரு பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். எது சரி? அம்மா சொல்வது எங்கள் ஊர்ப் பேச்சு மட்டும்தானா, இல்லை எல்லாத் தமிழுக்கும் பொதுவா?

பெயர் போட வேண்டாம் அண்ணாச்சி.

கல்லிடைக்குறிச்சி வாசகி



அன்புள்ள தங்கச்சிக்கு,

அம்மா சொன்னதுதான் சரி. நான் எழுதியது பிழை.

கட்டுரையை எழுதும்போது அன்றைய மழையின் பெருக்கம்தான் மனசில் நின்றது. பெரிய மழையாயிற்றே என்று கை தானாக அடைமழையை எழுதிவிட்டது. செய்தித்தாள் தமிழை வாசித்து வாசித்துப் பழகிய கை. வீரவநல்லூர்ப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவன் அப்படி எழுதியிருக்கக் கூடாது. அம்மாவிடம் என் நன்றியைச் சொல்லுங்கள். இந்தப் பதிலையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அடைமழையில் எண்ண வேண்டியது நாளை. கனமழையில் அளக்க வேண்டியது தண்ணீரை. இரண்டும் மழைதான் என்றாலும் அளவுகோல் வேறு. அம்மா கையில் இருந்த அளவுகோல் அப்பளம். அதைவிடத் துல்லியமான கருவி எனக்குத் தெரியவில்லை.

நம் ஊரில் இந்தச் சொல் வெறும் பெயராக நிற்பதில்லை, வினையாகவும் புழங்குகிறது. "வானம் அடைச்சிருக்கு" என்பார்கள். "மழை அடைச்சுப் பெய்யுது" என்பார்கள். வானம் அடைத்துவிட்டால் எந்தத் திக்கிலும் வெளுப்பு தெரியாது. மேற்கே பார்த்தால் மலை இருந்த இடமே தெரியாது. கதவை அடைக்கிறோம், மடையை அடைக்கிறோம், குளத்தில் உடைப்பு எடுத்தால் ஊரே போய் உடைப்பை அடைக்கிறது. அந்த அடைதான் இது. சாயங்காலம் கோழி கூட்டுக்குள் போவதை 'அடையுது' என்கிறோமே, அதுவும் இந்த வேரில் கிளைத்ததுதான். வானம் தன்னை அடைத்துக்கொண்டு, நம்மையும் வீட்டுக்குள் போட்டு அடைக்கிற மழை. அகராதிகளும் விடாமல் பெய்கிற மழை என்றுதான் பொருள் சொல்கின்றன. ஆகவே இது கல்லிடைக்குறிச்சிக்கு மட்டும் உரிய பேச்சு இல்லை. எல்லாத் தமிழுக்கும் பொதுவான பொருள் இதுதான். மற்ற இடங்களில் அது மங்கிக்கொண்டு வர, அம்மாவின் நாக்கில் மங்காமல் இருந்திருக்கிறது.

இலக்கணமும் இதற்கு ஒத்து வருகிறது. அடைமழையை வினைத்தொகையாகக் கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஊறுகாய், சுடுசோறு மாதிரி. வினைத்தொகைக்குள் மூன்று காலமும் மறைந்து நிற்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அடைத்த மழை, அடைக்கிற மழை, அடைக்கும் மழை. நேற்றும் பெய்தது, இன்றும் பெய்கிறது, நாளைக்கும் பெய்யும். மகளுக்கு வினைத்தொகை சொல்லிக்கொடுக்கும்போது இதையே உதாரணமாகச் சொல்லுங்கள், மறக்காது.

அடை சுட்டுத் தின்பதால் வந்த பெயர் என்பது பின்னால் யாரோ கட்டிய கதை. மழைக்கு அடை சுட்டார்கள், சரி. சுக்குக் காப்பியும் போட்டார்கள், கானத்தை (கொள்ளுப் பயறை) வறுத்துத் துவையலும் அரைத்தார்கள். வெளியே போக வழியில்லாமல் வீடு அடைந்து கிடந்ததால் அடுப்படியில் வேலை கூடியது, அவ்வளவுதான்.

இனி கனமழைக்கு வருகிறேன். 'ஐப்பசி மாதம் அடைமழை, கார்த்திகை மாதம் கனமழை' என்பது அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருள் என்றால் இந்தச் சொலவடையே தேவையில்லையே. மோனைக்காகச் சேர்த்தது என்று ஒருவர் சொல்லலாம். ஐப்பசிக்கு அடை, கார்த்திகைக்குக் கன, மோனை பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் வானத்தைப் பார்த்தாலும் பொருந்துகிறது. வடகிழக்குப் பருவக்காற்று நிலைகொண்ட புதிதில், கீழைக்காற்று ஈரத்தைச் சுமந்து வந்து நாள்கணக்கில் நசநசவென்று பெய்கிற காலம் ஐப்பசி. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வும் புயலும் அதிகம் கூடுவது நவம்பரில். அதில் பாதி கார்த்திகை. அப்போது மழை நாள் பார்த்துப் பெய்யாது, மணி பார்த்துக் கொட்டும். சொலவடையைக் கட்டியவர் இந்த வித்தியாசத்தைக் கண்டுதான் கட்டியிருக்கிறார்.

இன்றைக்குக் கனமழை என்பது வானிலைத் துறையின் கலைச்சொல்லாகிவிட்டது. காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 வரை மழைமானியில் விழுந்த தண்ணீரை அளக்கிறார்கள். 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேலே போனால் அதி கனமழை. (அறிக்கைகளில் 'மிக கனமழை' என்று ஒற்று இல்லாமல் வருகிறது. மிகக் கனமழை என்று ஒற்றுப் போட்டு எழுதுவதே முறை. தினமும் லட்சக்கணக்கானவர்கள் வாசிக்கிற சொல் என்பதால் சொல்கிறேன்.) இப்படி வகுத்தது நல்ல காரியம். எச்சரிக்கைக்கு எண் வேண்டும். ஆட்சியர் பள்ளிக்கு விடுமுறை விடவும், அணையில் மதகைத் திறக்கவும், மீனவர்களைக் கரையில் நிறுத்தவும் எண் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். ஐந்து நாள் மழை பெய்கிறது. ஒவ்வொரு நாளும் 25 மில்லிமீட்டர். மணிக்கு ஒரு மில்லிமீட்டர்தான் ஆகிறது, குடையில்லாமல் தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு வந்துவிடலாம். ஐந்து நாளில் 125 மில்லிமீட்டர் சேர்ந்துவிடும். ஆனாலும் அதில் ஒரு நாள்கூட அறிக்கையில் கனமழை ஆகாது. மிதமான மழை என்றுதான் வாசிப்பார்கள். உங்கள் வீட்டில் அந்த ஐந்து நாளும் அப்பளம் காயாது. மானியின் கணக்கில் அது மிதமான மழை, அம்மாவின் கணக்கில் அடைமழை. இரண்டு கணக்கும் உண்மை. செய்தியில் ஒரு கணக்குக்குத்தான் இடம் இருக்கிறது. அதனால்தான் அடைமழை என்ற சொல்லுக்கு வேலையில்லாமல் போய், கனமழைக்கு மாற்றுச் சொல்லாக, தலைப்பில் ஒரே சொல் இரண்டு தரம் வராமல் இருப்பதற்காக எழுதுகிற சொல்லாக அது ஆகிக்கொண்டிருக்கிறது. நானும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

எங்கள் ஆச்சி வீடு நாட்டு ஓடு போட்ட வீடு. ஐப்பசி பிறக்குமுன் ஆள் வைத்து ஓடு மாற்றுவார்கள். மாற்றினாலும் நாலைந்து இடத்தில் ஒழுகும். எந்த ஒழுக்குக்கு எந்தப் பாத்திரம் என்று ஆச்சிக்குத் தெரியும். பட்டாசலில் (நடுக்கூடத்தில்) பித்தளைப் போணி, அடுப்படி நடையில் ஈயச்சட்டி, நெல் மூட்டைப் பக்கம் மண்சட்டி. முதல் நாள் அதில் விழும் சொட்டு ஒவ்வொன்றும் காதில் விழும். மூன்றாம் நாள் அது காதில் ஏறாது. மழைச் சத்தமும் கேட்காது. ஒரு நடு ராத்திரி திடுக்கென்று விழிப்பு வரும், ஏனென்று தெரியாது. ஆச்சியும் முழித்திருப்பாள். "வெறிச்சிருக்குலே, படு" என்பாள், மழை நின்றிருக்கிறது என்று. கொஞ்ச நேரத்தில் இறவாணத்தில், கூரை இறங்கும் ஓரத்தில், மறுபடியும் சத்தம் கிளம்பும்.

தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருப்பாள். வெளியே வைத்தால் குச்சி நமுத்துப்போய் மருந்து பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். விறகு அடுப்புக்கு மேலே பரணில் கிடக்கும். அதிலும் ஓதம் ஏறிவிட்டால் சோறு வேகும் வரை அடுப்படி முழுக்கப் புகைதான். தீபாவளிக்கு வாங்கிய வெடியைச் சுளவில் (முறத்தில்) பரப்பி வைத்துக்கொண்டு, வெயில் ஒரு நாழிகை எட்டிப் பார்க்காதா என்று நாங்கள் நடையிலேயே உட்கார்ந்திருப்போம். பட்டாசலில் கொடி கட்டித் துணி தொங்கும். முந்தின நாள் துவைத்ததும் அதற்கு முந்தின நாள் துவைத்ததும் ஒரே ஈரத்தில் இருக்கும். அந்த வாடை இப்போதும் எனக்கு ஐப்பசி வாடை.

தொழுவத்துச் சுவர் மண்சுவர். மழை பெய்கிற அத்தனை நாளும் அது நிற்கும், தண்ணீரைக் குடித்துக் குடித்து உள்ளே ஊறிக்கொண்டிருக்கும். ஆச்சி மாட்டை அங்கே கட்டவிட மாட்டாள். மழை வெறித்து, பளீரென்று வெயில் அடித்த அன்று மத்தியானம், காற்றுகூட இல்லாத நேரத்தில், பக்கத்து வீட்டுத் தொழுவச் சுவர் அப்படியே உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். "அடமழைக்கு நின்ன சுவரு வெயிலுக்கு விழும்" என்றாள் ஆச்சி. ஒரே ராத்திரி கொட்டிவிட்டு ஓடும் மழை அந்தச் சுவரை இவ்வளவு ஆழமாக ஊறவைத்திருக்காது. ஐந்து நாள் சிணுங்கிய மழையின் வேலை அது.

மழையைச் சன்னலோரம் உட்கார்ந்து ரசிக்கிறவர்கள் வேறு. எங்கள் தெருவில் அடைமழை என்றால் கூலி இல்லாத நாட்கள். உங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். உளுந்து மாவைப் பிசைந்து, இடித்து, உருண்டை பிடித்து இட்டுவிடலாம், அதற்கு மழை தடையில்லை. பாயில் போட்டுக் காயவைக்க வெயில் வேண்டுமே. ஈரத்தோடு அடுக்கினால் இரண்டாம் நாள் பூசணம் பிடித்துவிடும். எண்ணிக் கொடுத்தால்தானே கூலி. அஞ்சு நாள் என்று அம்மா எண்ணிச் சொன்னது சும்மா வாயில் வந்த எண் இல்லை. எத்தனை நாள் ஓட்ட முடியும், எந்த நாளில் கடைக்காரரிடம் போய் நிற்க வேண்டும் என்று கணக்குப் பார்த்த ஒருத்தியின் எண் அது. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

வயல்காரர்களுக்கோ அதே அடைமழை அமிர்தம். நம் பக்கத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல். பிசான நாற்றும் நடவும் இந்த மழையை நம்பித்தான். மெல்ல விழுகிற மழையை நிலம் குடிக்கும். முதல் இரண்டு நாள் ஓடையில் ஒரு சொட்டு ஓடாது, அத்தனையும் மண்ணுக்குள் போகும். நிலம் நிறைந்த பிறகு மூன்றாம் நாள், நாலாம் நாள்தான் ஓடை அசையும். குளம் விரற்கடை விரற்கடையாக ஏறி, நிரம்பி மறுகால் விழும். கிணற்றில் ஊற்றுத் திறக்கும். சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் அந்த மழைக்குள்ளேயே நடவு நடுவார்கள். அதே 125 மில்லிமீட்டரும் இரண்டு மணி நேரத்தில் விழுந்தால் மண் குடிக்க நேரம் இருக்காது. மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடும், குளத்தை நிறைப்பதற்கு முன்னால் கரையைத் தேடி உடைக்கும். இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிட்டால் குளத்துக்காரருக்கு என்ன புரியும்?

இந்த 'அடை' நம் ஆற்றங்கரை இலக்கியத்திலும் இருக்கிறது. தாமிரபரணியோடு சிற்றாறும் கயத்தாறும் வந்து கூடும் சீவலப்பேரிதான் பழைய முக்கூடல். அந்த ஊரைப் பாடிய முக்கூடற்பள்ளில், ஆற்று வெள்ளம் நாளைக்கு வரப்போகிறது என்று பள்ளர்கள் குறி பார்க்கிற பாட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மலையாளத் திசையிலும் மின்னுகிறது, ஈழத் திசையிலும் மின்னுகிறது. இரண்டு பருவக்காற்றும் நனைக்கிற ஊர்க்காரன்தான் அப்படி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பான். அதில் ஒரு வரி, "சேற்று நண்டு சேற்றில்வளை ஏற்ற டைக்குதே". மழை வருமுன் நண்டு சேற்றை ஏற்றித் தன் வளையை அடைக்கிறது. அந்தப் பாட்டில் அடைமழை என்ற சொல் இல்லை. ஆனால் அடைமழைக்கு முன் ஓர் உயிர் என்ன செய்யும் என்பது இருக்கிறது. ஆச்சி தீப்பெட்டியை அரிசிக்குள் புதைத்ததும் அந்த நண்டு செய்த காரியமும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

நெல்லையப்பர் கதையையும் இதோடு யோசித்துப் பார்த்தேன். சாமிக்கு நிவேதனத்துக்கு வைத்திருந்த நெல்லை வேதசர்மா என்ற பக்தர் வெயிலில் காயப்போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறார். மழை பிடித்துக்கொள்கிறது. ஓடிவந்து பார்த்தால் சுற்றிலும் மழை, நெல் மேல் மட்டும் ஒரு துளி இல்லை, வேலி போட்டது போல. அதனால் திருநெல்வேலி என்கிறது தலபுராணம். அந்த மழை எந்த மழை? அடைமழையாக இருக்க வழியில்லை. வானம் அடைத்திருந்தால் யாரும் நெல்லைக் காயப்போட மாட்டார்கள். வெயிலை நம்பிப் பரப்பிய நெல்லின் மேல் திடீரென்று இறங்கிய பெருமழை அது. நம் ஊருக்குப் பெயர் கொடுத்த மழையே இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது.

இனி நான் பிழை செய்த இடம். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் நாள். ஐப்பசியும் போய், கார்த்திகையும் முடிந்து, பனிக்குப் போர்வை எடுக்கிற மாதம். குமரிக் கடல் பக்கம் நின்ற மேலடுக்குச் சுழற்சியால் விடிந்ததிலிருந்து கொட்டத் தொடங்கியது. நான் பாளையங்கோட்டையில் இருந்தேன். மழையின் சத்தத்தில் பக்கத்து அறையில் பேசுவது கேட்கவில்லை. மறுநாள் காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவானது 946 மில்லிமீட்டர். திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் 600க்கு மேல். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரி மழையைவிடக் காயல்பட்டினத்தின் அந்த ஒரு நாள் மழை அதிகம்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். காயல்பட்டினத்தில் ஒரு சென்ட் இடத்தில் அன்று விழுந்தது 38,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணி லாரி மூன்றைக் கொண்டுவந்து ஒரு சென்டுக்குள் கவிழ்த்தாலும் மிச்சம் இருக்கும். சராசரி பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். மணிக்கு ஒரு மில்லிமீட்டர் பெய்கிற அம்மாவின் மழைக்கும் இதற்கும் ஒரே பெயரை வைத்துவிட்டேன் என்பதை இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் முழுசாக உணர்ந்தேன்.

தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஏரலில் என் சித்தி மகன் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கடைசியாகப் பேசினான். "அண்ணே, தெருவுல தண்ணி ஓடல, ஏறுது" என்றான். அதற்குப் பிறகு இரண்டு நாள் போன் இல்லை. மாடியில் அடுத்த வீட்டுக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு பதினோரு பேர் இருந்திருக்கிறார்கள். கீழே பீரோ மிதந்து கதவை அடைத்துக்கொண்டது. தண்ணீர் வடிந்த பிறகு கதவை உடைத்துத்தான் உள்ளே போனார்கள். பிள்ளையின் சான்றிதழ்கள் எல்லாம் சேறு. அந்த ராத்திரி ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோன திருச்செந்தூர் ரயிலில் இருந்தவர்களுக்குப் புதுக்குடி மக்கள் சமைத்துக் கொடுத்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

அன்று பெய்ததை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று சித்தி மகனிடம் போனில் கேட்டேன், உங்கள் கடிதம் வந்த பிறகு. "பேய்மழைன்னாங்க, வானம் பொத்துக்கிச்சுன்னாங்க" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாரும் அடமழன்னு சொல்லல அண்ணே" என்றான். கட்டுரையை எழுதுமுன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பேய்மழை என்று போட்டுத் திருத்தலாமா என்று பார்த்தேன். வாய்ப்பேச்சில் அது நன்றாக இருக்கிறது. ஆனால் அது வியப்பில் சொல்கிற சொல். அரை மணி நேரம் சாத்தினாலும் பேய்மழை என்பார்கள். 946 மில்லிமீட்டருக்கென்று நம் பேச்சில் ஒரு பெயர் இல்லை. அது ஏன் என்பதும் புரிகிறது. வருஷா வருஷம் வந்து, வந்து, வீட்டில் ஓர் ஆள் மாதிரி ஆன மழைகளுக்குத்தான் நாம் பெயர் வைத்திருக்கிறோம். ஐப்பசியில் அடைமழை. ஆனி ஆடியில் தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல். மற்ற ஊரில் சாரல் என்றால் காற்றில் சாய்ந்து திண்ணையை நனைக்கும் மழை. குற்றாலத்தில் மலையிலிருந்து காற்றோடு தூவிக்கொண்டே இருக்கும் அந்தப் பருவத்துக்கே சாரல் என்று பெயர். மழை விட்ட பிறகும் விடாத தூவானம். இதெல்லாம் உறவுக்காரர் பெயர் மாதிரி. ஒரே ஒரு தரம் வந்து ஊரை அழித்துவிட்டுப் போனதற்குப் பெயர் வைப்பதில்லை, வருஷத்தைச் சொல்லித்தான் குறிப்போம். 1992 நவம்பரில் தாமிரபரணி பெருகியதை இன்றைக்கும் ஆற்றங்கரையில் "தொண்ணூத்திரண்டு வெள்ளம்" என்றுதானே சொல்கிறார்கள்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். பரீட்சையில் 'அடைமழை: விடாது பெய்யும் மழை' என்று எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர் கேட்டால் ஐப்பசிச் சொலவடையைச் சொல்லட்டும், அதுவே போதும். அப்பளக் கணக்கையும் சொல்லட்டும். வகுப்பில் யாருக்கும் மறக்காது. இன்னொன்று, அம்மாவிடம் உட்கார்ந்து அவருக்குத் தெரிந்த மழைச் சொற்களையெல்லாம் ஒரு நோட்டில் மகளை எழுத வையுங்கள். மழை நிற்பதற்கு எங்கள் பக்கம் 'வெறிச்சது' என்போம். அப்பளம் இட்டவர்கள் அந்த நேரத்துக்கென்று தனியாக ஒரு சொல் வைத்திருந்தார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். வெயில் திரும்பியதும் முதல் பாயை விரிக்கிற அந்த நேரம்.

கட்டுரையில் அந்த வரியை இன்று மாற்றிவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது: "2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள், ஒரு பகலும் ஓர் இரவும் கொட்டிய மழையில்". 'ஒரு பகலும் ஒரு ராத்திரியும்' என்பது அம்மா சொன்னது. அவரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

அன்புடன்,
அண்ணாச்சி